பழைய சைக்கிளின் ஜாதகம்

மனிதனிடம் வயதைக் கேட்டால் பொய் சொல்லக்கூடும். குதிரையின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். இத்தாலி தேசத்துப் பழைய பந்தய சைக்கிள் இந்த இரண்டு ஜாதியையும் சேர்ந்தது. மேலே எழுதியிருக்கும் பெயர் பொய் சொல்லும். பல்லைப் பார்த்தால் உண்மை வெளிவரும். பல் என்று சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. சில சைக்கிள்களுக்கு மெய்யாகவே பல் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

வடக்கு இத்தாலியில் லொம்பார்டிப் பிரதேசத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டனார் காலமாகி, நிலவறையைச் சுத்தம் செய்யும்போது ஒரு சைக்கிள் அகப்படுகிறது. துருவுக்கும் ஒட்டடைக்கும் இடையே, வான நீலமும் இளம்பச்சையும் கலந்த ஒரு நிறம் தெரிகிறது. அந்த நிறத்துக்கு 'செலெஸ்தே' என்று பெயர். 1885-ஆம் ஆண்டு மிலான் நகரில் எடோர்டோ பியான்கி ஆரம்பித்த கம்பெனியின் நிறம் அது. பௌஸ்டோ கோப்பி என்ற மகாவீரர் 1949-லும் 1952-லும் பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் வெற்றி பெற்றபோது பியான்கிக் கோஷ்டியைச் சேர்ந்தவர். பிறகு கேட்பானேன்! "நம் வீட்டில் கோப்பியின் சைக்கிள்!" என்று குடும்பத்தில் ஒரே குதூகலம். பையன் அப்போதே உப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறான்.

இந்தக் கட்டத்தில்தான் பையனின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்.

குழாயின் மேல் உள்ள பெயர் வெறும் ஒட்டுப்படம். பழைய மாதிரியிலேயே புதிதாக அச்சிட்டு விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வாங்கி எதன் மேல் வேண்டுமானாலும் ஒட்டலாம். இன்னொரு வேடிக்கை: நாணயமான காலத்திலேயே பெயரும் பொருளும் ஒத்திருக்கவில்லை. மிலானில் விகொரெல்லிப் பந்தய மைதானத்தின் அடியில் பட்டறை வைத்திருந்த பாலியெரோ மாஸி போன்ற கைதேர்ந்த தொழிலாளிகள் பந்தயக்காரர்களுக்குச் சட்டம் செய்து கொடுப்பார்கள். பந்தயக்காரருக்குப் பணம் கொடுத்த கம்பெனியின் பெயரை அதன் மேல் எழுதிவிடுவார்கள். பற்றவைத்தவன் பெயர் எங்கும் இராது. ஆகவே வர்ணத்தை விட்டுவிட்டு இரும்பைக் கேட்பதே உசிதம்.

முதலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு சுழலும் அடிக்கூட்டைப் பார்க்க வேண்டும். இத்தாலிய வழக்கப்படி அதன் அகலம் 70 மில்லிமீட்டர். உள் விட்டம் 36 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கில வழக்கில் அகலம் 68 மில்லிமீட்டர்தான். முக்கியமான வித்தியாசம் மரையின் திசையில் இருக்கிறது. ஆங்கில சைக்கிளில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடமரை. இத்தாலிய சைக்கிளில் இரு பக்கமும் வலமரையே. ஆங்கில சைக்கிளில் பழகிய கை, கழற்றுவதாக நினைத்து இதை மேலும் மேலும் இறுக்கும். அதிக பலசாலியாயிருந்தால் மரையே போய்விடும். இரண்டு பக்கமும் வலமரையாக இருப்பதில் ஒரு குறையும் உண்டு; செயின் பக்கத்துக் கப்பு ஓட்ட ஓட்டத் தானே தளர்ந்துவிடும். பல்லாண்டுகளாக இத்தாலியர்கள் இதைச் சகித்துக்கொண்டு வந்தார்கள். தேசாபிமானம் சில சமயம் மரையிலும் தங்கிவிடும் போலும்!

அடுத்தபடியாக ஸீட்டைத் தாங்கும் தண்டை இறுக்கும் போல்ட்டைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் அது பின்புறம் இருக்கும். நம்முடைய நிலவறைச் சைக்கிளில் அது முன்புறம், குழாய்கள் கூடும் லக்கின் உள்ளேயே அமைந்திருக்கிறது. குடும்பத்தாரின் குதூகலம் இங்கே சற்று அடங்கும். அது பியான்கியின் லட்சணம் அல்ல. லெஞானோ கம்பெனியின் பிரசித்தமான அடையாளம். விரல் நகத்தால் லக்கின் மடிப்பைச் சுரண்டினால் செலெஸ்தேயின் அடியில் ஓணான் பச்சை தெரிகிறது. லெஞானோவின் நிறம் அதுவே.

இனிப் பல்லுக்கு வருவோம். பின் சக்கரத்தின் அச்சு நுழையும் பிளவில், ரம்பம் போல் வரிசையாகப் பற்கள் வெட்டியிருக்கின்றன. விசென்ஸா நகரத்துத் துல்லியோ காம்பஞோலோ செய்த 'காம்பியோ கோர்ஸா' என்ற கியர் அமைப்பின் அடையாளம் இது. 1940-களில் பந்தயக்காரர்கள் இதையே கையாண்டார்கள். கியரை மாற்ற விரும்புகிறவர் ஓடுகிற சைக்கிளின் மேல் இருந்தபடியே கையைப் பின்னால் நீட்டி, ஒரு நெம்புகோலால் பின் சக்கரத்தையே தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே மற்றொரு நெம்புகோலால் செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தள்ள வேண்டும். சக்கரம் அந்தப் பற்களின் மேல் முன்னும் பின்னுமாக நகர்ந்து செயினின் தளர்ச்சியைச் சரிசெய்துகொள்ளும். பிறகு மீண்டும் இறுக்க வேண்டும். மலைப்பாதையில் இத்தனையும்! அமைதியாக நிலத்தில் நின்றுகொண்டு இதைச் செய்து பார்த்தாலே நமக்குப் பாதிப் பிராணன் போய்விடும்.

இப்படிப்பட்ட கியருடன், லெஞானோக் கோஷ்டியைச் சேர்ந்த ஜினோ பார்ட்டாலி 1948-ல் பிரான்ஸைச் சுற்றிவந்தார். ஜூலை 14-ந் தேதி ரோமாபுரியில் கம்யூனிஸ்ட் தலைவர் தொக்லியாத்தி சுடப்பட்டார், தேசமெங்கும் கொந்தளிப்பு. பந்தயத்தில் பார்ட்டாலி முன்னணியில் இருந்தவருக்கு 21 நிமிஷத்துக்கு மேல் பின்தங்கியிருந்தார். மறுநாள் ஆல்ப்ஸ் மலைகளில் வென்றார். முடிவில் பந்தயத்தையே வென்றார். 1938-ல் வென்ற பிறகு பத்து வருஷம் கழித்து வந்த வெற்றி அது. அந்தச் செய்தியால்தான் கலகம் தணிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது மிகை என்று சிரிப்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி. ஆனால் அன்று இத்தாலிய வீடுகளில் ரேடியோப் பெட்டியைச் சுற்றி ஜனங்கள் கூடியிருந்ததில் சந்தேகமில்லை.

ஆகவே நம் சைக்கிள் 1940-களின் லெஞானோ. பிறகு யாரோ அதற்குப் பியான்கி வேஷம் போட்டிருக்கிறார்கள். மோசடியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோப்பியே 1940-ல் இத்தாலியைச் சுற்றும் பந்தயத்தை லெஞானோவில், பார்ட்டாலிக்குத் துணையாகச் சென்றபோதுதான் வென்றார்; யுத்தத்துக்குப் பிறகு அவருடைய புகழ் ஓங்கியது பியான்கியில். அக்காலத்து இத்தாலியில் பார்ட்டாலி கட்சி, கோப்பி கட்சி என்று வீட்டுக்கு வீடு பிரிந்திருந்தார்கள். புது சைக்கிள் வாங்கச் சக்தியில்லாத ஓர் இளைஞன், கட்சி மாறிய உற்சாகத்தில் ஒரு டப்பா வர்ணம் வாங்கியிருக்கலாம் அல்லவா?

இங்கேதான் தர்மசங்கடம். செலெஸ்தேயைச் சுரண்டிவிட்டு ஓணான் பச்சையை மீட்பதா? முழுவதும் உரித்துப் புது வர்ணம் பூசுவதா? என் அபிப்பிராயத்தில் இரண்டும் வேண்டாம். ஜீர்ணோத்தாரணம் என்ற பெயரில் கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு அடிப்பவர்களை நாம் அறிவோம். செலெஸ்தே பாட்டனாருடையது, பச்சை தொழிற்சாலையுடையது. லக்கின் ஓரத்தில் ஒரு சிறு இடம் பச்சை தெரியும்படி விட்டு, மற்றதை மெழுகு பூசிக் காப்பாற்றினால் போதும். பிளவிலுள்ள பற்களை அராவிச் சமன்செய்து நவீன கியர் மாட்டுவதை மட்டும் யார் சொன்னாலும் கேட்கக் கூடாது.

வேலையில் பொறுமையே பெரிய ஆயுதம். துருவேறி உறைந்த தண்டுக்கு எண்ணெய் விட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின்னை அடியில் முட்டுக் கொடுக்காமல் சுத்தியால் அடித்தால், அடி குண்டுகளின் மேல் இறங்கி அவை ஓடும் பாதையில் குழி விழும். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த நீர் குரோமியத்தின் துருவை நன்றாகப் போக்கும். அது விஷம், கையுறை அவசியம், குழந்தைகள் அருகில் வரக் கூடாது. எல்லாக் குண்டுகளையும் மாற்றிவிடலாம், விலை அற்பம். ரிம்மில் பசை போட்டு ஒட்டிய பழைய டயரை எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பக் கூடாது. ஹாண்டில்பாரில் மயிரிழை வெடிப்புத் தெரிந்தால், அதைச் சுவரில் மாட்டலாம். சாலைக்குக் கொண்டுபோகக் கூடாது.

பிறகு எங்கே ஓட்டுவது? டஸ்கனியில் காயோலே என்னும் ஊரில் 1997 முதல் நடந்துவரும் 'எரோயிகா' விழாவில் பழைய சைக்கிள்களுக்கே இடம். வெள்ளை மண் சாலைகளில் ஓட்ட வேண்டும். நம் குடும்பத்தாருக்கு அவ்வளவு தூரமும் போக வேண்டியதில்லை. கோமோ ஏரிக்கு மேலே கிஸல்லோவில் மாதாவின் சிறு கோயில் இருக்கிறது. 1949-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அந்த மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் தெய்வமாகப் பிரகடனம் செய்தார். உள்ளே கோப்பியின் சைக்கிளும் இருக்கிறது, பார்ட்டாலியின் சைக்கிளும் இருக்கிறது. பச்சையின் மேல் செலெஸ்தே பூசிய நம் சைக்கிளை அங்கே யாரும் எந்தக் கட்சி என்று கேட்க மாட்டார்கள். ஆனால் ஏற்றம் கடுமை, இறக்கம் அதைவிடக் கடுமை. புறப்படுவதற்கு முன் பிரேக் கட்டைகளைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.