பெரிய மரம் என்று பெயர் வைத்தால் போதுமா?

சிங்கப்பூர் 5 வெள்ளி நோட்டின் பின்பக்கத்தில் உள்ள மரம், தாவரவியல் பூங்காவில் நிற்கும் தெம்புசு. 1859இல் பூங்கா உருவாகும் முன்பே அது அங்கிருந்ததாகக் கருதப்படுகிறது. தாழ்ந்து நீண்ட அதன் கிளையில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். இப்போது கிளைக்கு முட்டுக் கொடுத்து, மரத்தைச் சுற்றி வேலியும் போட்டுவிட்டார்கள். கூட்டம் மிதித்து மிதித்து மண் இறுகினால் வேர் மூச்சு விட முடியாது. மரத்துக்குப் புகழ் வந்தால் இந்தத் தொல்லையும் கூடவே வருகிறது.

ஒவ்வோர் இனத்திலும் மிகப் பெரிய மரத்தைத் தேடிப் பதிவு செய்யும் வேலை அமெரிக்காவில் 1940 முதல் நடக்கிறது. 'சாம்பியன் மரம்' என்பார்கள். அங்குலத்தில் சுற்றளவு, அடியில் உயரம், கிளைகள் விரிந்த அகலத்தில் கால் பங்கு, மூன்றையும் கூட்டினால் புள்ளி. சிங்கப்பூர் 2001இல் பாரம்பரிய மரத் திட்டத்தைத் தொடங்கியது. 5 மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவு அதில் ஓர் அளவுகோல். பொதுமக்களும் மரங்களைப் பரிந்துரைக்கலாம்.

சுற்றளவு பார்ப்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புதிதல்ல. இளம் ரப்பர் மரம் 50 செ.மீ. சுற்றளவை எட்டிய பிறகுதானே பால் வெட்டத் தொடங்குவார்கள்! ரப்பர் மரம் நேராக, உருண்டையாக இருப்பதால் நாடாவைச் சுற்றுவது சுலபம். இலவ மரம் அப்படியல்ல. அதன் பலகை வேர்கள் ஆள் உயரத்தையும் தாண்டும்; அதற்கு மேலேதான் அளக்க வேண்டும். வழக்கமான 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தால் வேரையும் சேர்த்து அளந்ததாகிவிடும். உயரத்திலும் சிக்கல்தான். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் உள்ள 100.8 மீட்டர் மெராந்தி மரத்தை விமானத்திலிருந்து லேசர் கதிர் கொண்டு கண்டுபிடித்தார்கள். ஆனாலும் 2019இல் ஒருவர் உச்சிவரை ஏறி, நாடாவைக் கீழே விட்ட பிறகே அந்தக் கணக்கு உறுதியானது.

இத்தனை அளவுகளும் வெளியிலிருந்து எடுப்பவை. 2017 பிப்ரவரி 11ஆம் தேதி அதே சிங்கப்பூர்ப் பூங்காவில் வேறொரு தெம்புசு வேரோடு சாய்ந்தது. 40 மீட்டர் உயரம், 6.5 மீட்டர் சுற்றளவு, 270 வயதுக்கு மேல். பாரம்பரிய மரப் பட்டியலிலும் இருந்தது. இந்தியாவைச் சேர்ந்த ஒரு தாய் உயிரிழந்தார். கணவரும் பிள்ளைகளும் காயமடைந்தனர். முந்தைய செப்டம்பரில் நடந்த சோதனையில் மரம் நலமாக இருப்பதாகவே பதிவாகியிருந்தது. முறையாகப் பார்க்கிற இடத்திலேயே இப்படி என்றால், சாலையோர மரங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2024 மே மாதம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் மரம் விழுந்து ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நசுங்கின.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் வெட்டச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெட்டவும் சட்டம் எளிதில் விடாது. 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட ஊராட்சி மன்றத்தின் அனுமதி தேவை. சில விதிவிலக்குகளும் உண்டு. வேண்டியது, ஒரு தடவை அளந்து பலகை மாட்டுவதோடு நிற்காமல், வேரும் உள்தண்டும் எப்படி இருக்கின்றன என்று ஆண்டுதோறும் பார்த்து எழுதும் கணக்கு. அதைப் பொதுமக்களும் பார்க்க முடிய வேண்டும்.

பேராக், கோல கங்சாரிலிருந்தே தொடங்கலாம். 1877இல் அங்கே நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் கணக்கு வெளியானால், முதலில் படிக்கப்போவது நம் தோட்டத்து ஆட்களாகத்தான் இருக்கும்.