எளிமை யாருக்கு?

திறன்பேசியைத் திறந்தால் வெள்ளைப் பின்னணி, மெல்லிய எழுத்து, தட்டையான சின்னங்கள். பல ஆண்டுகளாக நம் கண் இதற்குப் பழகிவிட்டது. "எவ்வளவு எளிமை!" என்று வியக்கிறோம். இந்த எளிமை யாருக்கு என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். விண்டோஸ் 95இல் பொத்தான்கள் சாம்பல் நிறத்தில் மேடாகத் தெரிந்தன. சொடுக்கினால் உள்ளே அமுங்குவதுபோல் தோன்றின. 2007இல் வந்த முதல் ஐபோனில் குறிப்பெழுதும் செயலி, கோடு போட்ட மஞ்சள் தாளைப்போல் இருந்தது. இவை வெறும் அலங்காரமல்ல. மேடாக இருப்பதை அழுத்தலாம், தாளில் எழுதலாம் என்பது எவருக்கும் தெரியும். தெரிந்ததைக் கொண்டு தெரியாததைக் கற்பித்த உத்தி அது.

2010இல் விண்டோஸ் ஃபோன் 7 இவற்றைக் களைந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 அவ்வாறே செய்ததும் தட்டை வடிவமைப்பு எங்கும் பரவியது. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. தட்டை வடிவங்கள் எந்த அளவுத் திரைக்கும் எளிதில் பொருந்தும். மக்கள் தொடுதிரைக்குப் பழகிவிட்டதால் இனி அந்தத் துணை வேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது.

பழகியவர்கள் யார்? சிறுவயது முதல் திரையோடு வளர்ந்த நாம். அறுபது வயதுக்குமேல் முதன்முதலாகத் திறன்பேசியைக் கையில் எடுத்தவருக்கோ எது பொத்தான், எது வெறும் சொல் என்று புரிவதில்லை. ஏறியவர்கள் ஏணியை எடுத்துவிட்டார்கள்! 2014இல் ஐஓஎஸ் 7.1, பொத்தான்களுக்கு வடிவம் காட்டும் வசதியைத் தந்தது. ஆனால் அதை அமைப்புகளுக்குள் சென்று தேட வேண்டும். பொத்தானையே காண முடியாதவர் அங்கு எப்படிப் போவார்?

இது முதியோர் சிக்கல் மட்டுமன்று. நீல்சன் நார்மன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், எதைச் சொடுக்கலாம் என்பது தெளிவாகத் தெரியாத பக்கங்களில் பயனர்கள் சராசரியாக 22 விழுக்காடு கூடுதல் நேரம் செலவிட்டனர்.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. சிறிய பொத்தானில் அவை அடங்காமல் பாதியில் வெட்டுப்படுகின்றன. சுழிகள் நிறைந்த நம் எழுத்து, மெல்லிய சாம்பல் நிறத்தில் மங்கிப்போகிறது. இடம் போதவில்லை என்று சொல்லையே நீக்கிச் சின்னத்தை மட்டும் வைத்தால், நான்கு மொழிகளில் சேவை தந்து என்ன பயன்?

2020 முதல் சிங்கப்பூரில் மின்னிலக்கத் தூதர்கள் முதியோருக்குத் திறன்பேசியைப் பயன்படுத்தக் கற்றுத்தருகிறார்கள். பாராட்டுக்குரிய பணி. ஆனால் தூதர் விடைபெற்றபின் துணைக்கு இருப்பது திரை ஒன்றே. அந்தத் திரை பேச வேண்டாமா?

2025இல் ஆப்பிள், கண்ணாடி போன்ற பளபளப்பான வடிவமைப்புக்கு மாறியது. தோற்றம் மாறிக்கொண்டே இருக்கும், தெளிவு மாறக்கூடாது. நம்மில் கணினித்துறை பயில்வோர் பலர். நாளை செயலிகளை உருவாக்கப்போவது நாம்தான். சின்னத்தின் அருகில் சொல்லை எழுதுவோம். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே, இணைய அணுகல் நெறிமுறைகள் கேட்கும் 4.5:1 ஒளி வேறுபாட்டையாவது காப்போம். வெளியிடுவதற்கு முன் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு பாட்டியிடம் செயலியைக் கொடுத்துப் பார்ப்போம். அவர் யாரையும் கேட்காமல் பயன்படுத்தினால், அதை எளிமை என்று சொல்லலாம்.