குதிரைமுகத்தைக் கழுவாதேங்கோ

ஒக்டோபர் கடைசி வந்தா யாழ்ப்பாணத்து மேக்கப் பெட்டையளின்ர பக்கங்களில மெடூசா வந்திடுவாள். தலை நிறையப் பிளாஸ்டிக் பாம்பு, பச்சை லென்ஸ், கன்னத்தில வலைத்துணியை வைச்சு மேலால வர்ணம் ஒற்றி எடுத்த செதில். கீழ வாற கொமென்ற் இரண்டு வகை. ஒரு பகுதி கலாசாரம் அழியுது, பேய்க்கோலம், வெள்ளைக்காரன்ர பழக்கம் எண்டு புலம்பும். மற்றப் பகுதி நெருப்புப் படம் போட்டு, 'செம வடிவு' எண்டு எழுதிப்போட்டுப் போகும்.

இரண்டு பகுதியோடயும் சண்டை இருக்கு. முதல் பகுதியோட கொஞ்சம் கூட.

கலாசாரக் காவலர்களுக்கு ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தின்ர கதை எங்க தொடங்குது? ஒல்லாந்தர் காலத்தில, 18ஆம் நூற்றாண்டில, மயில்வாகனப் புலவர் எழுதின யாழ்ப்பாண வைபவமாலையை எடுத்துப் பாருங்கோ. சோழ அரசன்ர மகள் மாருதப்புரவீகவல்லி. அவளுக்குக் குதிரைமுகம். அவள் தீர்த்தமாட வந்த இடம் கீரிமலை. அந்தப் பெயரே, கீரிமுகத்தோட இருந்த நகுலமுனிவர் அங்க தீர்த்தமாடினதால வந்ததெண்டுதான் கதை. அவளை முடிச்சவன் உக்கிரசிங்கன், சிங்கமுகத்தன் எண்டு சொல்லப்படுறவன். அவையளுக்குப் பிறந்த மகனுக்கு வால் இருந்ததாம். குதிரை, கீரி, சிங்கம், வால். எங்கட முதல் அரச குடும்பத்தின்ர அல்பத்தைத் திறந்தா ஒரு பக்கத்திலயாவது 'நோர்மலான' முகம் இல்லை. மாவிட்டபுரம் எண்ட பெயருக்கே குதிரை முகம் விட்டுப்போன ஊர் எண்டுதான் விளக்கம் சொல்லுறம்.

இது பழைய கதை எண்டு தள்ளேலாது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எங்கட வாழ்க்கைமுறையைக் கந்தபுராண கலாசாரம் எண்டார். அந்தக் கந்தபுராணத்தில அரைவாசி அசுரர்தான். கந்தசஷ்டி ஆறாம் நாள் ஊர்ப் பெடியள் சூரனைத் தோளில தூக்கி ஆட்டுவினம். யானைமுகம், சிங்கமுகம், சூரன்முகம் எண்டு தலை மாறி மாறி வரும். பிள்ளையள் பயந்து வீரிட்டுக் கத்துங்கள், பிறகு இன்னொருக்காப் பார்க்க வேணுமெண்டு தோளில ஏறுங்கள். ஐப்பசி மாதத்துக் கந்தசஷ்டியும் ஹலோவீனும் கிட்டமுட்ட ஒரே காலத்திலதான் வருகுது. ஆக, ஐப்பசியில அரக்க முகம் பார்க்கிறது எங்களுக்குப் புதுசில்லை.

அப்ப பிரச்சினை என்ன? சூரன்ர மரமுகத்துக்கு வர்ணம் தீட்டுற ஆளைக் கலைஞர் எண்டுறம். தன்ர முகத்துக்குத் தானே வர்ணம் தீட்டுற பெட்டையைக் கலாசாரம் கெட்டவள் எண்டுறம். வெளிநாட்டுப் பழக்கம் எண்டது சும்மா சாட்டு. கலியாண வீட்டில வட இந்திய லெஹெங்கா உடுக்கலாம், கொரியாக்காரி மாதிரிப் பளபளப்பாத் தோல் வைக்கலாம், கேக் வெட்டலாம். ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. ஏனெண்டா அதெல்லாம் பெட்டையை 'வடிவாக்கிற' வெளிநாடு. மெடூசா அவளை வடிவில்லாமலாக்கிற வெளிநாடு. ஒரு பெட்டை தானா விரும்பி, காசு செலவழிச்சு, மூண்டு மணித்தியாலம் இருந்து தன்னை வெருட்டுற மாதிரி ஆக்கிறாள் எண்டதுதான் குத்துது. கூத்தில அரக்கனும் அரக்கியும் வந்தவை. ஆனா அரக்கி வேஷத்தையும் ஆம்பிளையள்தான் கட்டினவை. பயமுறுத்துற முகம் போடுற உரிமை நெடுகலும் ஆம்பிளையளிட்டத்தான் இருந்தது. அது கைமாறுறதுதான் உங்களுக்குப் பொறுக்கேல்லை. அதை நேராச் சொல்லுங்கோ, கலாசாரத்தை இடையில இழுக்காதேங்கோ.

இனி மற்றப் பகுதி. 'செம வடிவு' எண்டு எழுதிற ஆக்கள்.

மெடூசா வடிவாய் இருக்க வேணுமெண்டு ஆர் சொன்னது? கிரேக்கத்தில முதலில கீறின கோர்கன் முகங்களைத் தேடிப் பாருங்கோ. கோர்ஃபூ தீவில கி.மு. 580 அளவில கட்டின ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில பெரிய மெடூசா ஒருத்தி இருக்கிறாள். வட்ட முகம், பிதுங்கின கண், காது வரைக்கும் கிழிஞ்ச சிரிப்பு, வெளியில தள்ளின நாக்கு, இடுப்புப் பட்டியாப் பாம்பு. அந்தக் காலத்துச் சில கோர்கன் முகங்களுக்குத் தாடிகூட இருக்கு. எங்கட ஆக்களிட்டக் காட்டினா காளியோ எண்டு கேப்பினம். அந்த முகத்தைக் கேடயத்தில, கோயிலில, வீட்டுச் சாமான்களில எல்லாம் வைச்சவை. கெட்டது கிட்ட வராமல் இருக்கிறதுக்கு. புது வீடு கட்டேக்க நாங்கள் வெருளி கட்டித் தூக்கிறதும், கோயில் தோரணத்துக்கு மேல முழி பிதுங்கின முகம் செதுக்கிறதும் அதே வேலைக்குத்தான். மெடூசா கிரேக்கரின்ர வெருளி.

பிறகு அந்த முகம் மெல்ல மெல்ல வடிவாகுது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில இருந்து பல் மறையுது, நாக்கு உள்ள போகுது, தாடி காணாமல் போகுது. கடைசியில பாம்புத்தலையோட ஒரு வடிவான பெட்டை மிஞ்சுறாள். இண்டைக்கு வெர்சாச்சே கம்பனியின்ர இலச்சினையில இருக்கிறதும் அவள்தான். கதையும் மாறுது. ஹெசியட் சொல்லேக்க அவள் பிறப்பிலயே கோர்கன், மூண்டு சகோதரிகளில சாவு உள்ள ஒருத்தி. எழுநூறு வருசம் அளவில கழிச்சு உரோமக் கவிஞர் ஓவிட் எழுதேக்க, அவள் வடிவான பெண். கடல் தெய்வம் கோயிலுக்குள்ள வைச்சு அவளைக் கெடுக்கிறான். கோயில் தெய்வம் தண்டிச்சது அவனை இல்லை, அவளை. அவளின்ர தலைமயிர் பாம்பாகினது அப்பிடித்தான். எங்கட ஊரில ஒரு பெட்டைக்கு ஏதும் நடந்தா, அவள் ஏன் அங்க போனவள் எண்டு முதல் கேக்கிற வாய்களை நினைச்சுப் பாருங்கோ. ஓவிட் அவ்வளவு தூரத்து ஆள் இல்லை.

அதாலதான் 2008இல லூசியானோ கர்பாட்டி எண்ட சிற்பி, பெர்சியஸின்ர தலையை மெடூசா கையில பிடிச்சிருக்கிற மாதிரிச் சிலை செய்தார். 2020 ஒக்டோபரில அதை நியூயோர்க்கில குற்றவியல் நீதிமன்றத்துக்கு எதிரில வைச்சவை. அங்கயும் ஒரு சண்டை வந்தது. அந்த மெடூசாவின்ர உடம்பு ஏன் மொடல் அழகியின்ர உடம்பு மாதிரி இருக்கு எண்டு கேட்டவை. நியாயமான கேள்வி. பழி வாங்கிறதெண்டாலும் முதல் வடிவாய் இருக்கவேணுமோ?

அதே கேள்வி எங்கட மேக்கப்புக்கும் இருக்கு. கன மெடூசா முகங்களில பாம்பையும் செதிலையும் மனசால கழட்டிப் பாருங்கோ. கீழ மணப்பெண் இருப்பாள். ஆளின்ர நிறத்தை விட ரெண்டு மூண்டு படி வெளிறின பவுண்டேஷன், மூக்கை ஒடுக்கிற நிழல், கன்னத்தில மினுக்கம், பொருந்தாத கழுத்து. கலியாணத்துக்கு எந்த முகமோ சாமத்தியச் சடங்குக்கும் அந்த முகம், அரக்கிக்கும் அந்த முகம். எங்கட பார்லர்களில கன இடத்தில படிப்பிக்கிறது ஒரேயொரு முகம்தான், அது வெள்ளை முகம். கறுத்த பிள்ளை கதிரையில இருந்தால் அவளை 'எடுத்துக் காட்ட' வேணும் எண்டுறவை. அந்தச் சொல்லின்ர அர்த்தம் அவளை மறைக்கிறது. அரக்க முகம்தான் இந்தச் சட்டத்தில இருந்து தப்புற ஒரே வாசல். அங்கயும் வெள்ளை பூசிக்கொண்டு போனால் பிறகு எதுக்கு வாசல்?

வெருட்டத் தெரியாட்டில் எங்கட கூத்துக்காரரிட்டக் கேட்டுப் படியுங்கோ. அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம், கரி, தேங்காயெண்ணெய். சாமான் அவ்வளவுதான். பந்தத்தின்ர வெளிச்சத்தில, பிறகு பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில, கடைசி வரிசையில பாயில இருக்கிற கிழவிக்கும் முகம் தெரிய வேணும். அதால புருவம் தடிப்பு, மீசை தடிப்பு, கண்ணைச் சுத்தின கோடு தடிப்பு. முகத்தின்ர எலும்பைப் பின்பற்றாமல் எலும்பை மீறிக் கீறுவினம். எங்கட ரிங் லைட் இதுக்கு நேர் எதிர். அது எல்லா நிழலையும் துடைச்சுப்போடும். அரக்கிக்கு நிழல் வேணும். லைட்டை ஒரு பக்கத்தால கொண்டு போங்கோ, அல்லது கீழால பிடியுங்கோ. ஒரு கண்ணைப் பெருசாக்கி மற்றதை விடுங்கோ. பல்லுக் கீறுங்கோ. உங்கட சொந்த நிறத்தில தொடங்குங்கோ. கறுத்தத் தோலில மஞ்சளும் செந்தூரமும் எரியிற மாதிரி வெளிறின தோலில எரியாது.

இதில ஒரு எல்லைக்கோடும் இருக்கு. ஹலோவீன் எண்டு சொல்லிச் சில பேர் செய்யிறது கிழிஞ்ச கன்னம், எரிஞ்ச தோல், தைச்ச வாய். அது வேற விசயம். இது போர் நடந்த மண். ஷெல் துண்டு கிழிச்ச கன்னத்தோடயும் எரிஞ்ச கையோடயும் ஆக்கள் பஸ்ஸில எங்களுக்குப் பக்கத்தில இருந்து வருகினம். வெயிலுக்கயும் நீளக்கைச் சட்டை போடுற அக்காமாரைத் தெரியாத ஊர் இங்க இல்லை. அவையின்ர தழும்பை லேட்டக்ஸில செய்து 'பயங்கரம்' எண்டு தலைப்புப் போட்டால், அவையைத்தான் அரக்கர் எண்டுறம். தெற்கில அம்பலாங்கொடைப் பக்கத்துச் சன்னி முகமூடிகளைப் பாருங்கோ. பதினெட்டுச் சன்னி, ஒவ்வொண்டும் ஒரு வருத்தத்தின்ர முகம். முகமூடி போட்டு வாறது வருத்தம், நோயாளி இல்லை. வருத்தத்தை ஆளிட்ட இருந்து பிரிச்சுக் காட்டி, சிரிச்சுக் கலைச்சு விடுறதுதான் அந்தச் சடங்கின்ர புத்தி. காயத்தை ஆளோட ஒட்டிப்போட்டு அதைப் பேயெண்டு காட்டிறது அதுக்கு நேர் எதிர். கோர்கனுக்கும், காளைத்தலை மினோடோருக்கும், சிங்கமுகனுக்கும் கதை இருக்கு. தைச்ச வாய்க்குக் கதை இல்லை, ஆரோ ஒருத்தரின்ர வலிதான் இருக்கு.

அப்ப மெடூசாவை விட்டுப்போட்டு எங்கட அரக்கரை மட்டும் கீறவேணும் எண்டு சொல்ல வாறியளோ எண்டு கேப்பியள். இல்லை. 'எங்கட' எண்ட சொல்லை நம்பி ஏமாறக்கூடாது. எங்கட கதையும் சுத்தமில்லை. கீரிமலையில முழுகினவுடன குதிரைமுகம் போகுது, அவள் வடிவாகிறாள், கோயில் கட்டுறாள், கலியாணம் முடிக்கிறாள். குதிரைமுகத்தோட அவள் என்ன நினைச்சாள், என்ன கதைச்சாள் எண்டு கதை சொல்லாது. முகம் கழுவுப்பட்ட பிறகுதான் அவள் மனுசியாகிறாள். அவள் கட்டினதெண்டு சொல்லுற அதே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில, 1968இல, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ள போக விடச்சொல்லிச் சத்தியாக்கிரகம் இருந்தவை. அவையைத் தடுத்து நிண்டதும் எங்கட ஆக்கள்தான். குதிரைமுகத்துக்கு இரங்கின கோயில் மனுச முகத்துக்கு இரங்கேல்லை. ஆரைக் கழுவ வேணும், ஆரை வெளியில நிப்பாட்ட வேணும் எண்டு முடிவெடுக்கிற ஆள்தான் அரக்கரை உண்டாக்கிறான், கிரேக்கத்திலயும் சரி, இங்கயும் சரி.

இதை விளங்கின கலைஞர் எங்களிட்ட இருந்திருக்கினம். 1960களில பேராதனைப் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் சு. வித்தியானந்தன் மேடையேற்றின 'இராவணேசன்' கூத்தில இராவணன் வில்லனில்லை, நாயகன். இராவணனா ஆடினவர் சி. மௌனகுரு. அரக்கன்ர பக்கத்தில நிண்டு கதை சொல்லலாம் எண்டு அறுபது வருசத்துக்கு முதலே ஆடிக் காட்டியாச்சு. அரக்கியின்ர பக்கத்துக் கதைதான் இன்னும் பாக்கி. அதைச் சொல்லுற சாமான் இண்டைக்கு மேக்கப் பெட்டையளின்ர கையில இருக்கு.

இன்னொரு விசயம். பெர்சியஸ் கழுத்தை வெட்டேக்க மெடூசாவின்ர உடம்பில இருந்து வெளிய வந்தது பெகசஸ், சிறகு முளைச்ச குதிரை. பாம்புத்தலைக்காரியின்ர பிள்ளை ஒரு குதிரை. இரண்டு கதைக்கும் தொடர்பு இருக்கெண்டு நான் சொல்லேல்லை. ஆனா கீறுற ஆளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேணுமோ? கோர்ஃபூவின்ர பிதுங்கின கண், கூத்தின்ர தடிச்ச கோடு, குதிரையின்ர நீண்ட தாடை, மூக்குத்தி, உங்கட சொந்தக் கறுப்பு. இதை ஒரு முகத்தில செய்து பாருங்கோ.

அடுத்த ஐப்பசிக்கு ஆரும் மாருதப்புரவீகவல்லியைச் செய்யிறதெண்டா, முகம் மாறின பிறகு வாற இளவரசியைச் செய்யாதேங்கோ. அவளைத்தான் நெடுகப் பார்க்கிறமே, ஒவ்வொரு கலியாண அல்பத்திலயும் இருக்கிறாள். கேணிக்கரையில வந்து நிக்கிற, இன்னும் இறங்காத, குதிரைமுகத்துக்காரியைச் செய்யுங்கோ. படம் எடுத்துப் போடுங்கோ. கீழ கொமென்ற் வரும், வரட்டும்.