மரு வந்தால் புற்றுநோயா?

சகோதரிகளே, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பெண்கள் மனசுக்குள்ளேயே வைத்துப் புழுங்குகிற ஒரு சங்கதியை இந்த முறை எழுதுகிறேன்.

எங்கள் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. மறைவிடத்தில் சின்னச் சின்ன மரு. மலையிறங்கிப் போய் லேடி டாக்டரிடம் காட்டினாள். "ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். ஆபத்துக் குறைந்த வகைதான்" என்றாராம். இவள் காதில் நின்றது 'வைரஸ்' மட்டும்தான். "அக்கா, புற்றுநோய் வந்துடுமா? என் வீட்டுக்காரரைச் சந்தேகப்படுறதா?" என்று ஒரே அழுகை.

நர்சம்மாவிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இந்த வைரஸில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மறைவிட மருவுக்குப் பெரும்பாலும் காரணம் 6, 11 என்ற எண்ணுள்ள வகைகள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 100க்கு 70 போல உண்டாக்குவது 16, 18 வகைகள். பேர் ஒன்று, குணம் வேறு. 6 நாளாவட்டத்தில் 16 ஆகிவிடாது.

சரியாகுமா? வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே 2 வருஷத்துக்குள் அதை அடக்கிவிடுகிறது. மருவைக் களிம்பு போட்டோ, உறையவைத்தோ, சுட்டோ டாக்டர் எடுப்பார். திரும்ப முளைத்தாலும் பயம் வேண்டாம். கை, கால் மருவுக்கு வைக்கிற சுண்ணாம்பை மட்டும் அங்கே வைக்காதீர்கள், வெந்து புண்ணாகிவிடும். கர்ப்பமாக இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சில மருந்துகள் அப்போது ஆகாது.

தாம்பத்திய உறவில் தோலோடு தோல் பட்டுத் தொற்றுவது இது. வருஷக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. இதை வைத்து வீட்டில் சண்டை எதற்கு? அவருக்கும் மரு இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. 'ஆபத்துக் குறைந்தது' என்றார்களே என்று கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது. ஒருத்திக்கே இரண்டு வகையும் இருக்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அசெட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு தடவை பார்த்து, வேண்டியவர்களுக்குச் சிகிச்சையும் கொடுத்தார்கள். 2007ல் முடிவு வெளியானது. பரிசோதனை நடக்காத ஊர்களைவிட அங்கே இந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைவு! சில நிமிஷ வேலைதான். 30 வயதானவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது நல்லது. நம் நாட்டிலேயே தயாராகும் ஊசி 6, 11, 16, 18 நான்கையும் தடுக்கிறது.

உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்றபின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் – இவற்றில் எது இருந்தாலும், சாமை அறுப்பு முடியட்டும், பிள்ளை பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.