வழிநூலை எதைக்கொண்டு அளப்பது? 'டாக்டர் ஹூ' நாவல்களில் மூன்று தேர்வுகள்

விருப்ப நூல்களின் பட்டியல் ஆய்வுலகம் பொருட்படுத்தும் வடிவம் அன்று. அதிலும், ஒரு தொலைக்காட்சித் தொடரை ஒட்டி, உரிமம் பெற்ற பதிப்பகத்துக்காக, குறித்த நாளுக்குள் எழுதிக் கொடுக்கப்பட்ட நாவல்களின் பட்டியல் என்றால் சொல்லவே வேண்டாம். அவற்றைச் சிறுவர் பொழுதுபோக்கு என்றோ வணிகச் சரக்கு என்றோ ஒதுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதே வழக்கம்.

இந்த வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த 'டாக்டர் ஹூ' நாவல்களைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய இத்தொடர், காலத்திலும் வெளியிலும் அலையும் ஒரு வேற்றுலகவாசியின் கதை. நடிகர் மாறும்போது நாயகனே புதிய உடலெடுப்பதாகக் கதையமைத்துக்கொண்டதால், இடையில் நின்றும் மீண்டும் தொடங்கியும் அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 1964 முதல் அதை ஒட்டி வெளிவந்த நாவல்கள் பல நூறு. இவற்றுள் சிறந்தவை எவை என்று தேர்ந்து சொல்ல முற்படுபவர், தம்மை அறியாமலே ஓர் இலக்கியக் கொள்கையையும் சேர்த்தே சொல்கிறார்.

இத்தகைய தேர்வுகளில் பொதுவாக இரண்டு அளவுகோல்கள் செயல்படுகின்றன. ஒன்று, நாவல் திரையை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்றுகிறது என்பது. மற்றொன்று, நாவலில் நிகழ்ந்தவை தொடரின் 'உண்மையான' வரலாற்றில் சேர்த்தியா, இல்லையா என்பது. இரண்டும் வெவ்வேறு போலத் தோன்றினாலும், தீர்ப்பைத் திரையிடமே ஒப்படைப்பதில் இரண்டும் ஒன்றே. எழுத்தைப் பற்றிய கேள்விக்கு எழுத்துக்கு வெளியே விடை தேடுகின்றன.

நூல்களை முதல், வழி, சார்பு என்று பகுத்த தமிழ் இலக்கண மரபு இவ்விடத்தில் கைகொடுக்கும். வழிநூல் என்பது முதல்நூலின் வெறும் படி என்று நன்னூல் கருதவில்லை. முன்னோன் நூலின் முடிபுகளோடு இசைந்து நின்றும், பின்வந்தவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் உரைக்க வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. இசைவு மட்டும் இருந்தால் படி. வேறுபாடு மட்டும் இருந்தால் வேறு நூல். இரண்டும் கூடும் இடத்திலேயே வழிநூலின் தகுதி இருக்கிறது. அந்த வேறுபாடு திரையால் அப்போது செய்ய இயலாத எதைச் செய்தது என்பதே ஒரு நாவலைத் தேர்வதற்குரிய கேள்வி. இக்கேள்வியோடு அணுகினால் மூன்று நாவல்கள் முன்வந்து நிற்கின்றன.

முதலாவது, டேவிட் விட்டேக்கர் எழுதி 1964இல் ஃபிரெடரிக் முல்லர் நிறுவனம் வெளியிட்ட முதல் 'டாக்டர் ஹூ' நாவல். டெர்ரி நேஷன் எழுதிய டாலெக் கதையே அதன் மூலம். விட்டேக்கர் தொடரின் முதல் கதைப் பொறுப்பாசிரியர். திரைக்கதை எவ்வாறு உருவானது என்பதை உள்ளிருந்து அறிந்தவர். ஆயினும் நாவலின் தொடக்கத்தை அடியோடு மாற்றினார். திரையில் இயன், பார்பரா ஆகிய இரு ஆசிரியர்கள் தங்கள் மாணவி சூசனைப் பற்றிய ஐயத்தால் அவளைப் பின்தொடர்ந்து சென்று காலஊர்தியில் அகப்படுகிறார்கள். நாவலிலோ பனிமூட்டம் கவிந்த இரவில், பார்ன்ஸ் காமன் வெளியில் நேர்ந்த ஒரு சாலை விபத்தில்தான் இயனும் பார்பராவும் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். கதை முழுவதையும் இயனே தன்மையில் சொல்கிறான். இதன் விளைவு பெரிது. ஒளிப்படக்கருவி எல்லாரையும் ஏறத்தாழ ஒரே தொலைவில் நிறுத்துகிறது. இயனின் குரலோ டாக்டரை அஞ்சியும் ஐயுற்றும், பின் மெல்ல மதித்தும் பார்க்கிறது. நம்பத்தகாத ஒரு முதியவர் நம்பிக்கைக்கு உரியவராக மாறும் நெடுவழி, கேட்பவனின் மனத்துக்குள்ளேயே நிகழ்கிறது. கண்ணாடி உடல் கொண்ட ஒரு டாலெக்கும் நாவலில் வருகிறது. திரைத் தயாரிப்புக்கு ஒதுக்கிய பணத்துக்குக் கட்டுப்படாத கற்பனைக்கு அது ஒரு சிறு அடையாளம்.

இரண்டாவது, மால்கம் ஹல்க்கின் 'த கேவ் மான்ஸ்டர்ஸ்'. 1970இல் ஏழு பகுதிகளாக ஒளிபரப்பான தம் கதையை 1974இல் டார்கெட் பதிப்பகத்துக்காக அவரே நாவலாக்கினார். மனிதருக்கு முன்பே புவியை ஆண்ட ஊர்வன இனம் ஒன்று, விண்ணிலிருந்து ஒரு சிறுகோள் நெருங்கிவரக் கண்டு, பேரழிவுக்கு அஞ்சி நிலத்தடியில் நெடுந்துயிலில் ஆழ்கிறது. விழித்தெழும்போது தங்கள் நிலத்தில் வேறொருவர் குடியிருக்கக் காண்கிறது. திரையில் இவ்வினத்தார் நெடுநேரம் இருளில் தெரியும் கையும் காலுமாக, அச்சமூட்டும் மறைபொருளாக வருகிறார்கள். முழுதாகத் தோன்றிய பின்னும் அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை. ஹல்க் நாவலின் தொடக்க அத்தியாயத்தையே அவர்களுக்கு அளித்துவிட்டார். ஓக்டெல், மோர்க்கா, கேட்டோ என்று அவர்களுக்குப் பெயர் உண்டு, தமக்குள் கருத்து வேறுபாடு உண்டு, உறங்கச் செல்லும் முன் இழக்கப்போகும் உலகைப் பற்றிய நினைவும் உண்டு. மனிதர்கள் கதைக்குள் நுழைவதற்கு முன்பே, இந்நிலத்தின் முன்குடியினர் யார் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு 'அரக்கர்' என்ற சொல்லை முன்போல் வாசிக்க இயலாது. நூலின் தலைப்பே ஒரு எள்ளலாகிவிடுகிறது. குடியேற்றமும் நில உரிமையும் பேசப்படும் எந்த வகுப்பறையிலும் இச்சிறு நூலுக்கு இடமுண்டு.

மூன்றாவது, பால் கார்னெலின் 'ஹியூமன் நேச்சர்' (1995). 1989இல் தொடர் திரையில் நின்றுபோன பின், வர்ஜின் பதிப்பகம் 1991 முதல் 'நியூ அட்வெஞ்சர்ஸ்' என்ற வரிசையில் முற்றிலும் புதிய கதைகளை வெளியிட்டது. அதுவரை நூலொன்றும் வெளியிடாத புதியவர்களின் கையெழுத்துப் படிகளையும் அப்பதிப்பகம் வாசித்துத் தேர்ந்தெடுத்தது. கார்னெல் அவ்வழி வந்தவர். இவ்வரிசையில் எழுதிய முதல் பெண்ணான ஆஸ்திரேலிய எழுத்தாளர் கேட் ஓர்மனும் அவ்வழி வந்தவரே. 'ஹியூமன் நேச்சர்' நாவலில் டாக்டர், மனித வாழ்வை உள்ளிருந்து அறியும் விருப்பத்தால் தானே மனிதனாகிறார். 1914இல், முதல் உலகப்போரின் விளிம்பில், ஓர் ஆங்கிலேயச் சிறுவர் பள்ளியில் ஜான் ஸ்மித் என்ற ஆசிரியராக வாழ்கிறார். ஜோன் ரெட்ஃபெர்ன் என்ற பெண்ணைக் காதலிக்கிறார். தாம் யார் என்பதை மறந்தும் போகிறார்.

இந்நாவலை 2007இல் கார்னெலே தொலைக்காட்சிக்கு இரு பகுதிகளாக மாற்றி எழுதினார். புத்துயிர் பெற்ற தொடரின் சிறந்த கதைகளுள் ஒன்றாக அது பாராட்டப்பெற்றது. ஆனால் இரண்டையும் அருகருகே வைத்து வாசிப்பவருக்கு இரண்டு வேறுபாடுகள் தெரியும். திரையில் டாக்டர் மனிதராவது பகைவரிடமிருந்து ஒளிந்துகொள்வதற்காக. நாவலில் அது அவருடைய சொந்த விருப்பம். நாவலின் சிறுவன் டிம் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் செஞ்சிலுவைப் பணிக்குச் செல்கிறான். முதுமையில் அவன் அணிவது வெள்ளைப் பாப்பி மலர். பிரிட்டனில் போரில் மாண்டோர் நினைவாகச் சிவப்புப் பாப்பி அணிவது அரசும் மக்களும் போற்றும் மரபு. வெள்ளைப் பாப்பியோ 1933இல் கூட்டுறவு மகளிர் அமைப்பொன்று போர் எதிர்ப்பின் அடையாளமாகத் தொடங்கியது. திரையில் டிம் போர்க்களம் செல்கிறான். நினைவு நாள் காட்சியில் சிவப்பு மலர்களே காணப்படுகின்றன. ஒரே ஆசிரியர், ஒரே கதை. மலரின் நிறம் மாறியதில் கதையின் அரசியலும் மாறிவிட்டது. தேசிய ஒளிபரப்பு நிறுவனத்தின் மாலைநேரத் திரையைவிட, சில ஆயிரம் பேர் வாசிக்கும் நாவலுக்கு அதிகம் பேச இடமிருந்தது என்று இதை வாசிப்பதில் தவறில்லை.

இங்கே முதல், வழி என்ற வரிசையே தலைகீழாகிறது. 'ஹியூமன் நேச்சர்' கதைக்கு நாவலே முதல்நூல், தொலைக்காட்சியே வழிநூல். வர்ஜின் வரிசையில் 1996இல் 'டாமேஜ்டு குட்ஸ்' எழுதிய ரஸ்ஸல் டி. டேவிஸ்தான் 2005இல் தொடரைத் திரையில் மீட்டெடுத்தவர். அவ்வரிசையில் 1992இல் 'நைட்ஷேட்' எழுதிய மார்க் கேட்டிஸ் பின்னர் தொடருக்கே கதைகள் எழுதினார். தொடர் இல்லாத ஆண்டுகளில் அதன் மொழியையும் துணிவையும் வளர்த்தெடுத்த களங்களுள் இந்நாவல்களுக்கு முதன்மையான இடமுண்டு. எனவே 'ஒட்டி எழுதப்பட்டது' என்பது ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல். இலக்கியத் தகுதியைக் குறிக்கும் சொல்லாக அதைக் கொள்வது பிழை.

இவ்வளவுகோலுக்கு எதிராக எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. டெரன்ஸ் டிக்ஸ் அறுபதுக்கும் மேற்பட்ட திரைக்கதைகளை நாவலாக்கியவர். நேரான, எளிய உரைநடை. பெரும்பாலும் திரையில் நிகழ்ந்ததை நிகழ்ந்தபடியே சொல்வது அவர் முறை. வேறுபாட்டையே தகுதியாகக் கொண்டால், ஒரு தலைமுறைச் சிறுவர்களை வாசிப்புக்குள் அழைத்துவந்த இவர் வெளியே நிற்க நேரிடுமே?

விடை 'அப்போது' என்ற சொல்லில் இருக்கிறது. வீட்டில் பதிவு செய்து மீண்டும் பார்க்கும் வசதி பரவாத 1970களில், ஒளிபரப்பான கதை அன்றோடு மறைந்தது. பிபிசியோ நாடாக்களை மறுபயன்பாட்டுக்காக அழித்தும், படச்சுருள்களைத் தேவையற்றவை என்று களைந்தும் வந்தது. 1960களில் ஒளிபரப்பான பகுதிகளுள் ஏறத்தாழ நூறு இன்றும் காணக் கிடைக்கவில்லை. அவற்றின் ஒலி மட்டும், வீட்டிலிருந்தபடி பதிவு செய்த ஆர்வலர்களால் எஞ்சியது. அக்காலத்தில் திரையால் செய்ய இயலாத முதற்செயல், நிலைத்திருப்பது. டிக்ஸின் நாவல்கள் அதைச் செய்தன. திரை நிலையற்றதாக இருந்தபோது இசைவே வேறுபாடாகவும் இருந்தது. இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் கதை கிடைக்கும் நிலையில், அதே முறையில் எழுதப்படும் நாவலுக்கு அந்த நியாயம் இல்லை. அளவுகோல் மாறவில்லை, காலம் மாறியிருக்கிறது.

இதில் ஆய்வாளர்களுக்கும் நூலகங்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நிலையான மதிப்பற்றவை என்று ஒரு பெரிய நிறுவனம் தன் படைப்புகளையே அழித்தது. மதிப்பற்றவை என்று கருதப்பட்ட மலிவுவிலை நூல்கள் அக்கதைகளைக் காத்தன. இப்போது அந்நூல்களின் முறை. உரிமம் கைமாறியதால் வர்ஜின் வரிசையின் பெரும்பகுதி மறுபதிப்பு காணவில்லை. மார்க் பிளாட்டின் 'லங்பேரோ' (1997) போன்றவை பழைய நூல் சந்தையில் மாணவர் கைக்கு எட்டாத விலையில் இருக்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆங்கிலத் துறைகள் சிலவற்றில் வெகுசன இலக்கியம் தனித்தாளாகவே இடம்பெற்றுவிட்டது. நாவல் திரைப்படமாவது குறித்து ஆய்வேடுகளும் குறைவில்லை. திரை நாவலாவது குறித்த எதிர்த்திசைப் பயணமும் அதே கவனத்துக்கு உரியது. எவற்றைச் சிறந்தவை என்று இன்று பெயர் சொல்லிக் குறிக்கிறார்களோ, அவையே நாளை தேடப்படும், வாங்கப்படும், காக்கப்படும்.

ஆகவே விருப்பப் பட்டியல் எழுதும் மாணவர் ஒவ்வொரு நூலின் பெயருக்கு அருகிலும் ஒரே ஒரு வரி சேர்த்து எழுதலாம்: இந்நூல், தான் ஒட்டிநின்ற திரையால் அப்போது இயலாத எதைச் செய்தது? அவ்வரியை எழுத முடிந்தால் அது விமரிசனம். எழுத முடியாவிட்டால், அந்நூல் பட்டியலில் இருப்பது பழைய நாள்களின் மீதுள்ள பாசத்தால்தான். அப்பாசத்திலும் குறையொன்றும் இல்லை. ஆனால் எது எது என்று அறிந்திருப்பது நல்லது.