ஓரக்குறிப்பும் ஒளித்திரையும்

எமக்கு இலக்கணம் பாடஞ் சொன்ன பண்டிதரவர்களிடம் நன்னூற் காண்டிகையுரைப் பிரதியொன்று இருந்தது. அச்சிட்ட எழுத்தினும் அவர் கைப்பட எழுதிய எழுத்தே அதில் மிகுதி. சூத்திரத்தைச் சூழ்ந்த வெற்றிடமெங்கும் பென்சிற் குறிப்புகள். உரையாசிரியர் தம்முள் முரணும் இடங்களிற் சிறு வினாக்குறிகள். என்றோ ஒரு மாணாக்கர் எழுப்பிய ஐயம், அவர் பெயரின் முதலெழுத்தோடு. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபொழுது அந்நூல் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிட்டது. மீண்டு சென்றபொழுது அலுமாரியும் இல்லை. அச்சு நூலைப் பின்னர் கடையில் வாங்கிக்கொண்டோம். ஓரத்தில் இருந்த பாடம் போனது போனதே.

இதனை இன்று நினைவுகூரக் காரணமுண்டு. எண்ணிமக் குறிப்புரைக் கருவிகளை வகுப்பறைக்குக் கொணர்தல் பற்றி ஆசிரியரிடையே பேச்சு எழுந்திருக்கின்றது. இளைய ஆசிரியர் சிலர் இதனை வாராது வந்த மாமணி என்கின்றனர். மூத்தோர் சிலர் இதுவும் ஒரு விளையாட்டுப் பொருளே எனப் புறக்கணிக்கின்றனர். இருதிறத்தாரும் சற்றே பொறுத்து, பொருளின் தன்மையை ஆராய்தல் நன்று.

கருவி செய்வது யாது?

திரையிலே தோன்றும் ஒரு நூற்பகுதியில் மாணாக்கர் ஒரு சொல்லையோ தொடரையோ தெரிந்தெடுத்து, அதன் அருகே தம் ஐயத்தையோ கருத்தையோ எழுதலாம். வகுப்பிலுள்ள மற்றையோர் அதனைக் கண்டு கீழே விடையெழுதலாம். அமெரிக்காவில் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஹைப்பொதெசிஸ் இவ்வகையினது. அதில் ஒரு குறிப்பை எல்லார்க்கும் காட்டலாம். ஒரு குழுவிற்கு மாத்திரம் காட்டலாம். தமக்கென மறைத்தும் வைக்கலாம். ஹார்வார்ட் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூரும் அவர் துணைவரும் உருவாக்கிய பெரூசல் என்பது மற்றொன்று. இத்தகைய குறிப்புகளை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதற்கு உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017ஆம் ஆண்டு ஒரு பொதுநியமமும் வகுத்துள்ளது.

அந்நியமத்தில் ஒரு நுட்பம் எம்மைக் கவர்ந்தது. குறிப்பு எவ்விடத்திற்கு உரியது என்பதனை நிலைநிறுத்த, தெரிந்த சொல்லோடு அதற்கு முன்னுள்ள சொற்கள் சிலவற்றையும் பின்னுள்ள சொற்கள் சிலவற்றையும் சேர்த்து வைக்க அது வழிசெய்கின்றது. மூலம் சிறிது இடம்பெயரினும் குறிப்புத் தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். மூலம் பெரிதும் மாறிவிடின் பற்றுக்கோடின்றித் தனியே நிற்கும். இது எமக்குப் புதிதன்று. மூலத்தின் முதற்சொற்களை முதற்குறிப்பாக எடுத்தோதி அதன்மேல் உரை வகுத்தவர் நம் உரையாசிரியர். புன்னாலைக்கட்டுவன் பண்டிதர் சி. கணேசையரவர்களின் உரைவிளக்கக் குறிப்புகளோடு தொல்காப்பியத்தை ஈழகேசரி நா. பொன்னையா அவர்கள் சுன்னாகத்திலே 1937 முதல் 1948 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். மூலத்தின்மேல் உரை, உரையின்மேற் குறிப்பு என அடுக்கடுக்காக வளர்ந்த வாசிப்பு மரபு அது.

நன்னூலார் கணக்கு

இக்கருவியை அளந்தறிதற்கு வேண்டிய அளவுகோலும் நம்மிடமே உண்டு. ஆசிரியர் சொல்வதனைச் செவ்வனே கேட்டாலும் மாணாக்கர் பெறுவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். தாம் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்பது நன்னூற் பொதுப்பாயிரத்தின் கருத்து. நமது வகுப்பறைகள் பெரும்பாலும் முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் சொல்ல மாணாக்கர் எழுதுவர். எழுதியதைப் பரீட்சையில் ஒப்புவிப்பர். உடன் பயில்வாரோடு பழகும் பங்கு தனியார் வகுப்புகளுக்கும் பேருந்துப் பயணத்திற்கும் இடையே நசுங்கிப் போயிற்று. அந்த இரண்டாங் காற்பங்கை மீட்டுத் தருவதே இக்கருவி செய்யக்கூடிய உதவி. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தல் தவறு.

சென்ற ஆண்டு எமது உயர்தர வகுப்பில் இதனைச் சோதித்துப் பார்த்தோம். கம்பராமாயணப் பாடல்கள் ஆறனைப் பதவுரையின்றித் தட்டெழுதித் திரையில் இட்டோம். எவரும் உரைநூலைத் திறவாமல், தமக்கு விளங்காத ஓரிடத்தை மாத்திரம் குறித்து, ஏன் விளங்கவில்லை என எழுதல் வேண்டும் என்றோம். வகுப்பில் வாய்திறவாத மாணவியொருத்தி ஒரு வினையெச்சத்தைக் குறித்து, "இது எந்த வினையைக் கொண்டு முடிகிறது? பக்கத்திலுள்ள வினையோடு முடித்தாற் பொருள் பொருந்தவில்லையே" என எழுதியிருந்தாள். உரையாசிரியர் கேட்கும் கேள்வி அது. அப்பாடலைப் பல்லாண்டு கற்பித்த யாம் அவ்விடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. உடன் பயில்வோர் நால்வர் விடையெழுதினர். இருவர் விடை பிழை. அப்பிழைகளும் எமக்கு உதவின. வகுப்பு எங்கே இடறுகின்றது என்பதனை மறுநாட் பாடத்திற்கு முன்னரே அறிந்துகொண்டோம்.

அடுத்த கிழமை பேராசை கொண்டோம். ஒவ்வொருவரும் ஐந்து குறிப்புக்குக் குறையாமல் எழுதல் வேண்டும் என விதித்தோம். வந்தவை யாவை? "அருமை", "மிக நன்று", "கவிஞரின் கற்பனை போற்றத்தக்கது" என்பனவும், அச்சிட்ட வினாவிடைப் புத்தகத்திலிருந்து பெயர்த்தெழுதிய பத்திகளுமே. சொன்னதையே சொல்லும் கிளியையும், செடிதோறும் ஒரு வாய் கடித்துச் செல்லும் ஆட்டையும் நன்னூலார் மாணாக்கர்க்கு உவமையாக்கினார். அவ்விரண்டையும் அக்கிழமை வளர்த்தவர் யாமே. எண்ணிக்கையைக் கேட்டோம், எண்ணிக்கை கிடைத்தது.

இதனால் ஒன்று வற்புறுத்துகின்றோம். மாணாக்கர் குறிப்புகளைப் பொறியே தரம் பிரித்துப் புள்ளியிடும் வசதி பெரூசலில் உண்டு. நூறு மாணாக்கரை ஒருங்கே கற்பிப்போர்க்கு அது பயன்படலாம். இலக்கிய வகுப்பில் அதனை ஏற்றல் ஆகாது. புள்ளிக்கென எழுதப்படும் ஐயம் ஐயமன்று.

ஏடு எமது கையில்

நடைமுறைத் தடைகளும் உள. இலங்கையிற் பல பாடக்குறிப்புகள் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிற் கிடக்கின்றன. திரையிலே தமிழாகத் தோன்றினும் கணினிக்கு அவை உரோம எழுத்துக் கூட்டமே. அவற்றில் ஒரு தமிழ்ச்சொல்லைத் தேடவியலாது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களைக் காத்துத் தரும் பெருந்தொண்டு செய்கின்றது. ஆயின் அங்குள்ளவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள்; படத்திற் சொல்லைத் தெரிந்தெடுத்தல் அரிது. ஆகவே பாடப்பகுதியை ஒருங்குறியில் தட்டெழுதிக்கொள்ளல் முதல் வேலை. 1998ஆம் ஆண்டு தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் பழைய இலக்கியங்களுக்குப் பேருதவி புரியும்; பிழை திருத்திக்கொண்டு ஆளுதல் வேண்டும்.

ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பாவித்ததனைப் பாடசாலைகள் மூடிய 2020, 2021ஆம் ஆண்டுகளிற் கண்டோம். ஆதலின் இவ்வேலையை வீட்டுக்கு விடாது, பாடசாலைக் கணினியறையிலேயே ஒரு பாடவேளையிற் செய்வித்தல் வேண்டும். கணினியில்லாப் பாடசாலையினர் பாடலைப் பெருந்தாளில் எழுதிச் சுவரிலொட்டி, ஓரத்தில் மாணாக்கரை எழுதவிடலாம். முறையே முதன்மை, கருவி அதற்கு அடுத்தது.

இறுதியாக, குறிப்புகள் எவர் கையில் இருக்கும் என்னும் வினா. கூகிள் நிறுவனம் 2009ஆம் ஆண்டு சைட்விக்கி என்னும் குறிப்புக் கருவியை வெளியிட்டு, 2011ஆம் ஆண்டு நிறுத்திவிட்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் எழுதுவோர் வீட்டுக்காரர் விருப்பிற்கு உட்பட்டோரே. தவணை முடிவில் வகுப்பின் சிறந்த வினாக்களையும் விடைகளையும் ஒரு கோவையாகத் தொகுத்து, ஒரு படியைப் பாடசாலைக் கணினியிலும், அச்சிட்ட ஒரு படியை நூல்நிலையத்திலும் வைத்தல் வேண்டும்.

அம்மாணவியின் வினாவினை அவ்வாறே வைத்துள்ளோம். மறுநாள் வகுப்பின் முன்னே நின்று அதனை அவளே விளக்கினாள். நன்னூலார் சொன்ன அரைப்பங்கு அது. எமது பண்டிதரவர்கள் இருந்திருப்பின் ஓரத்தில் அவள் பெயரின் முதலெழுத்தை எழுதியிருப்பார். யாம் வினாவின் கீழ் முழுப்பெயரையும் எழுதி வைத்தோம்.