கோவில் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பும்



மணமுறிவு என்னும் சொல்லை நம் பங்குகளில் எவரும் உரத்துச் சொல்வதில்லை. “பெண் வீட்டோடு வந்துவிட்டாள்” என்பார்கள்; “அவர்களுக்குள் சரியில்லை” என்பார்கள். திருமணம் பிரிக்க இயலாத அருட்சாதனம் என்று நம்புகிற நமக்கு இச்சொல் கசப்பது இயல்பே. ஆயினும், பேசாது மறைத்ததனால் முறிந்த இல்லம் ஒன்றேனும் ஒட்டியதாக நாம் அறியோம். மறைப்பினால் விளைந்த அறியாமையோ, ஏற்கெனவே அடிபட்ட குடும்பங்களை மீண்டும் ஒருமுறை அடித்திருக்கிறது. ஆகவே இம்மாதம் இதனையே எழுதத் துணிந்தோம்.

அவ்வறியாமைகளுள் தலையாயது ஒன்றுண்டு. மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் “இத்திருமணம் செல்லாதது” என அறிவித்துவிட்டால் யாவும் முடிந்தன என்று பலர் எண்ணுகின்றனர். முடியவில்லை. நாட்டின் சட்டத்தின்முன் அவ்விருவரும் இன்னும் கணவன் மனைவியரே. திருச்சபையின் அறிவிப்பை மட்டும் பெற்று மறுமணம் செய்த ஒரு பெண்ணின் இரண்டாம் திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருச்சபை நீதிமன்றங்களின் முடிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கோரிய மனுவையும் 2017-ல் அது தள்ளுபடி செய்தது. ஓலை வாசித்து, ஊரறியப் பீடத்தின்முன் நடந்த மறுமணமேயாயினும், முந்தைய மணம் சட்டப்படி நீங்காதிருந்தால் இருதார மணக் குற்றச்சாட்டுக்கு இடமுண்டு. பிறக்கும் குழந்தைகளின் சொத்துரிமைக்கும் அதனால் தொல்லை வரலாம்.

இதற்கு மறுதலையும் உண்மையே. குடும்ப நீதிமன்றம் வழங்கும் விவாகரத்து, திருமணப் பிணைப்பைத் திருச்சபையில் அவிழ்ப்பதில்லை. இரு நீதிமன்றங்களும் கேட்கும் கேள்விகளே வேறு. இவர்கள் இனிச் சேர்ந்து வாழ இயலுமா, யார் தவறு செய்தார் என்பனவற்றை நாட்டு நீதிமன்றம் ஆராயும். மணநாளன்று இருவரும் தந்த சம்மதம் மெய்யான சம்மதந்தானா, அச்சமோ வஞ்சனையோ மனநிலைக் குறைபாடோ அதனைக் கெடுத்திருந்ததா என்று திருச்சபை ஆராயும். “கத்தோலிக்க விவாகரத்து” என்று சிலர் இதனை அழைப்பது தவறான பேச்சு. செல்லாதது என்று தீர்ப்பானால் பிள்ளைகள் முறையற்றவர் ஆகிவிடுவர் என்று அஞ்சும் அன்னையர்க்கு ஒரு சொல்: ஆகார். திருச்சபைச் சட்டமே இதில் தெளிவாய் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் செய்த சீர்திருத்தத்தால், இரண்டாவது நீதிமன்றமும் உறுதிசெய்தாக வேண்டும் என்ற பழைய கட்டாயமும் நீங்கிற்று.

நம் நாட்டில் கிறிஸ்தவர்க்குரிய சட்டம் 1869-ல் எழுதப்பட்டது. மனைவியின் பிறழ்வு ஒன்றைக் காட்டினாலே கணவன் விடுதலை பெறலாம். மனைவியோ பிறழ்வோடு கொடுமையையோ, இரண்டாண்டுக் கைவிடலையோ, வேறொரு பெருங்குற்றத்தையோ சேர்த்துக் காட்ட வேண்டும். அடியும் உதையும் மட்டும் போதா! இந்த அநீதி 132 ஆண்டுகள் நின்று, 2001-ல்தான் திருத்தப்பட்டது. இருவரும் ஒப்பிப் பிரிய மனுச்செய்யும் வழியும் அப்போதே வந்தது.

நீதிமன்றப் படியேறுவதே பாவம் என்று கலங்குவோரும் உளர். சட்ட உரிமைகளையோ, பிள்ளைகளின் பராமரிப்பையோ, சொத்தையோ காக்க வேறு வழியில்லாதபோது நாட்டுச் சட்டப்படியான மணமுறிவு பொறுத்துக்கொள்ளத்தக்கது, அது ஒழுக்கக் குற்றமன்று என்று 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலே கூறுகிறது.

இனிப் பணத்தைப் பற்றி. இதில் நம் குடும்பங்கள் காட்டும் கவனக்குறைவு வியப்பளிக்கிறது. எத்தனை பவுன் என்று பேசி முடிக்கத் தெரிந்த நமக்கு, கொடுத்ததை ஒரு தாளில் எழுதி வைக்கத் தெரிவதில்லை. மணமக்களுக்கு வரும் பரிசுகளைத் தனித்தனிப் பட்டியலாக எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று 1985 முதல் விதியே உண்டு; அப்பட்டியலைக் கண்ட வீடு அரிது. பெண்ணின் நகை பெண்ணுடையதே. கணவன் வீட்டார் அதனைக் காப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் அதே 1985-ல் கூறிற்று. நகைக்கடை ரசீது, வங்கிக் கணக்குப் புத்தகம், காப்பீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றின் நகல்களைச் சினம் மூண்ட இரவில் தேடுவது கடினம்.

ஜீவனாம்சம் பெற மணமுறிவு கோரித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. கைவிடப்பட்ட மனைவி தனக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கேட்டுக் குற்றவியல் நடுவரையோ குடும்ப நீதிமன்றத்தையோ அணுகலாம். இருவரும் தத்தம் வருமானத்தையும் சொத்தையும் கடனையும் உறுதிமொழிப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், மனுச்செய்த நாள் முதலே பராமரிப்புத் தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020-ல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? பெண்களுக்கு, அவர்தம் வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

மனத்தின் துயருக்கு இத்தகைய அலுவலகம் ஏதுமில்லை. பிரிந்து வந்த பெண் மெல்ல மெல்லக் கடைசி வரிசைக்குப் போகிறாள். பின்னர் நற்கருணை வாங்க எழுவதில்லை. பிறகு கோவிலுக்கே வருவதில்லை. தனித்துவிடப்பட்ட ஆணுக்கும் இதே கதிதான். யார் இவர்களைத் தடுத்தார்? பிரிந்தோ, விவாகரத்துப் பெற்றோ, மறுமணம் செய்யாது வாழ்பவருக்கு அக்காரணத்தால் அருட்சாதனங்களில் தடையில்லை என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் தம் குடும்ப மடலில் தெளிவாக எழுதினார். ஆயினும் “அவள் எப்படி நன்மை வாங்குகிறாள்?” என்னும் முணுமுணுப்பு நம் இருக்கைகளிலிருந்துதான் எழுகிறது.

இன்னொன்றும் நம் இருக்கைகளில்தான் இருக்கிறது: சாட்சியம். திருமண நீதிமன்றத்தில் மனுதாரரின் கண்ணீர் மட்டும் போதாது. மணத்திற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அறிந்தோர் வந்து சொல்ல வேண்டும். பெண்ணை வற்புறுத்தியதைக் கண்ட சித்தி, மாப்பிள்ளையின் நோய் மறைக்கப்பட்டதை அறிந்த பக்கத்து வீட்டார், நிச்சயத்தன்று உடனிருந்த மாமா ஆகியோரே அங்கு வேண்டப்படுவோர். அழைப்பு வருகிறது, “நமக்கேன் வம்பு, நாளைக்கு அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டாமா?” என்று அது அலமாரிக்குள் போகிறது. விசாரணை மாதக்கணக்கில் நிற்கிறது. அங்கே எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. ஓர் அறையில் குரு ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார். கண்டதைக் கண்டபடி சொல்லிக் கையொப்பமிட்டு வரலாம். அத்தகைய கடிதம் எதுவும் உங்கள் அலமாரியில் இருந்தால், அதில் குறித்துள்ள தேதியை ஒருமுறை பாருங்கள்.